எலும்பு சூப் தீர்ந்த வியாழக்கிழமை

"அதெல்லாம் சரி, குக்கர்ல அரிசி போடறது யாரு? அதை மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே?" என்று கேட்டாள் இன்ரே, ஒற்றைக் காலில் நின்று சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டே.

மன்ஹோ வெள்ளைப் பலகையிலிருந்து திரும்பினார். கையில் நீல மார்க்கர். திங்கட்கிழமை காலை, அவருடைய வாராந்திரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு வந்திருப்பதே கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். ஒருவர் தலைமை தாங்குகிறார். மற்றவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.

"அது செயல்பாடு, ஹேரிம் அம்மா. செயல்பாடு உன் பிரிவு. என் பிரிவு நிர்வாகம்."

"பாத்திரம் கழுவறது?"

"செயல்பாடு."

"பாத்ரூம்?"

"பாத்ரூம்ல..." மன்ஹோ யோசித்தார். "ரெண்டும் கலந்திருக்கு. நீ கழுவு, நான் வந்து பாத்துக்கறேன்."

"ரொம்ப உபகாரம்," என்று சொல்லிவிட்டு அடுத்த காலுக்கு சாக்ஸைத் தேடினாள். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. போன வாரம் நிர்வாகம் அலமாரியை ஒழுங்குபடுத்தியிருந்தது.

வசந்த காலத்தில்தான் மன்ஹோ ஓய்வு பெற்றார். சாங்வன் நகரத்தில் ஒரு இயந்திரக் கம்பெனி. அங்கே அவர் பிரிவு மேனேஜர். கிளம்பும்போது ஒரு பாராட்டுக் கேடயமும், தங்கத்தில் சின்னதாக ஒரு சாவியும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறக்காது. கேடயம் டிவி பக்கத்தில் நிற்கிறது. அதற்குத் தூசி தட்டுவது எந்தப் பிரிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஸ்டேஷனரி கடையிலிருந்து அந்த வெள்ளைப் பலகையைத் தூக்கி வந்துவிட்டார். முப்பது வருஷமாக இந்த வீடு எப்படி ஓடியது என்றே தனக்குப் புரியவில்லை, ஒரு முறையே இல்லை என்றார். ஃபிரிட்ஜைத் திறந்து ஒவ்வொரு டப்பாவின் காலாவதித் தேதியையும் செய்தி வாசிப்பவர் மாதிரி உரக்கப் படித்தார். இன்ரே ஒரு அறையைவிட்டு வெளியே வந்தால் பின்னாலேயே போய் விளக்கை அணைத்தார், சில சமயம் அவள் உள்ளே இருக்கும்போதே. ஒரே ஒரு தடவை வேக்குவம் கிளீனரை எடுத்து ஹாலில் பாதியைச் சுத்தம் செய்தார். அதைப் போட்டோ எடுத்து மலையேறும் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினார். அங்கே இருக்கிற ஆறு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த ஆறு பேரில் யாருக்கும் தன் வீட்டு வேக்குவம் கிளீனர் என்ன நிறம் என்றுகூடத் தெரியாது.

மறுசுழற்சிக் குப்பையையும் அவர்தான் கீழே கொண்டுபோகிறார். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளை, உரித்துத்தான் போட வேண்டும் என்ற விதி இருந்தும், உரிக்க மாட்டார். அப்படியே கொட்டிவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார். அதன்பின் குடியிருப்புக் காவலாளி இன்ரேவுக்குப் போன் போட்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, சார் போட்ட பாட்டிலு..." என்று இழுப்பார். அவள் வேலை முடிந்து வந்து கீழேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து லேபிள் உரிப்பாள். மன்ஹோ கணக்கில் அந்த வேலை காலையிலேயே முடிந்துபோயிருக்கும்.

இதில் எதற்கும் இன்ரே பெரிதாகச் சண்டை போட்டதில்லை. இந்த வாரம் விஷயம் வேறு.

இன்ரேவுக்கு ஐம்பத்தேழு வயது. வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் சுத்திகரிப்பு மிஷினுக்கு ஃபில்டர் மாற்றி, குழாயைக் கழுவி, ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு வருகிற வேலை. மகள் ஹேரிம் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் சேர்ந்தாள். இன்றைக்கு ஹேரிமுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. மன்ஹோ இதை வேலை என்று சொல்ல மாட்டார். யாராவது கேட்டால், "அவளா, சும்மா உடற்பயிற்சி மாதிரி நாலு வீடு போயிட்டு வருவா" என்பார்.

அந்த உடற்பயிற்சிக்காரிக்குப் போன வாரம் மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கடலோரம் இருக்கிற தொங்யோங் கிளைக்குத் தலைவி வேண்டும். வருகிறீர்களா? தங்க ஒரு சின்ன அறை உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான். ஃபில்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் முட்டி போட்டே வயதாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு மேஜை, நாற்காலி, கீழே பதினைந்து பெண்கள். ஐம்பத்தேழு வயதில் இப்படி ஒரு போன் இரண்டாவது தடவை வராது. அது அவளுக்கும் தெரியும், அழைத்தவர்களுக்கும் தெரியும்.

"அப்புறம் தொங்யோங் விஷயம்," என்றாள், சாக்ஸ் கிடைத்ததும்.

"அது போன வார அஜெண்டா. முடிஞ்சுபோச்சு."

"யாரு முடிச்சா?"

"நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"உங்களை யாரும் கூப்பிடலையே. என்னைத்தானே கூப்பிட்டாங்க?"

மன்ஹோ மார்க்கரைக் கீழே வைத்தார். குரலை இறக்கினார். கம்பெனியில் யாருக்காவது சம்பள உயர்வு இல்லை என்று சொல்வதற்காக அவர் பழகி வைத்திருந்த குரல் அது. "இங்க பாரு. முப்பத்தொரு வருஷம் உழைச்சிருக்கேன். இப்பத்தான் நம்ம ரெண்டு பேருக்கும் ஓய்வு. சேந்து உக்காந்து, நிம்மதியா, மூணு வேளை சூடா சாப்பிட்டு..."

"சூடு பண்றது யாரு?"

"அதான் சொன்னேனே. செயல்பாடு."

"நீங்க யோசு ஃபேக்டரிக்கு ஆறு வருஷம் போனீங்களே, அப்ப எங்கிட்ட கேட்டீங்களா?"

"அது கம்பெனி உத்தரவு!"

"இதுவும் கம்பெனி உத்தரவுதான்."

"அது வேற கம்பெனி!"

ஆறு வருஷம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு பை அழுக்குத் துணியோடு வருவார், ஞாயிற்றுக்கிழமை மாலை மடித்த துணியோடு போவார். யோசுவுக்குப் போகிறேன் என்ற செய்தியை மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். அடுத்த வாய்க்கு அந்த மீன் நன்றாக இருக்கிறது என்றார். இன்ரேவுக்கு இரண்டும் ஒரே குரலில் கேட்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு மூன்றாவது வீட்டில் மிஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும்போது நிர்வாகத்திடமிருந்து போன்.

"ஹேரிம் அம்மா, நூடுல்ஸ் பாக்கெட் எங்க இருக்கு?"

"நூடுல்ஸ் இருக்கிற இடத்துல."

"அது எங்க?"

"போன வாரம் நீங்கதானே எடுத்து வெச்சீங்க."

அலமாரிக் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ வந்து பண்ணிக் குடுப்பியா?" என்றார்.

அந்த வீட்டு அம்மாள் அடுப்படியில் நின்று சிரித்தாள். "உங்க வீட்லயும் ஓய்வா?" என்று கேட்டாள். உள்ளறையில் அவள் கணவர் டிவியில் கோல்ஃப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு உள்ளறை, ஒரு கோல்ஃப். சோர்ந்துபோன ஃபில்டரையாவது கழற்றி மாற்றலாம்.

பஸ்ஸில் ஹேரிமைக் கூப்பிட்டாள். மகள் உற்சாகத்தில் கத்தினாள்.

"அம்மா, போ! கண்ணை மூடிட்டுப் போ! இந்தக் காலத்துல அப்பா மாதிரி யாராவது இருப்பாங்களா?"

"மாப்பிள்ளை எப்படி?"

"அவரு பரவால்லம்மா, ஹெல்ப் பண்றாரு."

"யாருக்கு ஹெல்ப்?"

"எனக்குத்தான்."

"அப்ப வீடு உன்னோடது மட்டுமா?"

ஹேரிம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "ஆனா அம்மா, நீ போயிட்டா அப்பா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாரு? பாவம் இல்ல? அப்புறம் அந்த வறுத்த நெத்திலி, எள்ளுப் போட்ட கீரை எல்லாம் டப்பால அனுப்புவியே, அது வருமா வராதா?"

இன்ரே போனைப் பையில் போட்டாள். பஸ் குலுங்கியது. ஒரு மகள், ஒரு மருமகன், ஒரு கணவன், எல்லார் வயிற்றுக்கும் தன் கையிலிருந்து ஒரு குழாய் போவது மாதிரி இருந்தது. எரிச்சல்தான். ஆனால் மனசுக்குள்ளே, அடியில், அந்தப் பாவம் என்ற வார்த்தையும் உட்கார்ந்துகொண்டது. அறுபது வயது ஆள் சோற்றுக்கு இல்லாமல் நிற்பாரா? நின்றால் ஊர் அவரைச் சொல்லாது, அவளைத்தான் சொல்லும். இந்தப் பயத்தை யார் அவளுக்குள் வைத்தார்கள் என்று அவளுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாலை கசாப்புக் கடையில் இறங்கி மாட்டுக் கால் எலும்பு வாங்கினாள். கனமான பை, விரலை அறுத்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சாங்வனில் மட்டும் இல்லை, அந்த நாட்டில் எங்கேயுமே, வீட்டுக்காரி பெரிய பானையை இறக்கி எலும்பு சூப் கொதிக்க வைத்தால் ஆண்கள் உஷாராகிவிடுவார்கள். ருசிக்காக இல்லை. அவள் எங்கேயோ போகப் போகிறாள் என்று அர்த்தம். நாள் கணக்கில் கெடாமல், சூடு பண்ணினாலே போதும் என்று ஆண்களால் சமாளிக்கக்கூடிய ஒரே சாப்பாடு அதுதான். பானை எவ்வளவு பெரிசோ, பயணம் அவ்வளவு நீளம். இன்ரே இறக்கியது கல்யாணத்துக்கு வந்த பானை. அதில் ஹேரிமையே குளிப்பாட்டியிருக்கிறாள்.

எலும்பை ஊறப்போட்டு ரத்தத் தண்ணீரைக் கொட்டினாள். புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. முதல் கொதியை வடித்து ஊற்றிவிட்டு, எலும்பைக் கழுவி மறுபடியும் ஏற்றினாள். மத்தியானத்துக்குள் ஜன்னல் எல்லாம் வேர்த்துவிட்டது.

மன்ஹோ மலையேறிவிட்டு வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே மூக்கு விடைத்தது. ஒரு ஷூவோடு அப்படியே நின்றார்.

"என்ன இது?"

"சூப்."

"எவ்வளவு?"

"பானைல பாதிக்கு மேல இருக்கு."

அவர் ஒற்றை ஷூவோடு சமையலறைக்கே வந்துவிட்டார். பானையை எட்டிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்க்கிறவர் மாதிரி. பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். தொட்டியில் கிடந்த ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். தன் டம்ளர்தான். கழுவி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, அவள் பார்த்தாளா என்று பார்த்தார்.

"சரி," என்றார். "அரிசி நான் போடறேன். புதன், சனி."

"ம்."

"ஞாயித்துக்கிழமையும் சேத்துக்கறேன். எழுதிடவா?"

"எழுதுங்க."

"அப்ப போக மாட்ட?"

இன்ரே கரண்டியால் நுரையை எடுத்துக்கொண்டே இருந்தாள். அந்த நிமிஷம் வரை அவள் மண்டல அலுவலகத்துக்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போகலாம், ஆனால் சூப்பை வைத்துவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை மாலை திரும்பி வந்து மறுபடியும் எலும்பு ஊறப்போடலாம். சனிக்கிழமை பூராவும் கொதிக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை பைகளில் அடைத்து, திங்கட்கிழமை பஸ் பிடிக்கலாம். அதாவது இரண்டு வேலையையும் அவளே பார்க்கலாம். அவள் மனசு எடுத்த பேரமே இவ்வளவுதான். எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முக்கால்வாசியை விட்டுக்கொடுத்துவிட்டாள். கெட்டிக்காரி என்று அவளைப் பற்றி நினைத்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

"போனா திங்கக்கிழமை போயி வெள்ளிக்கிழமை வந்துடுவேன்," என்றாள். "இந்தச் சூப் தீர்றதுக்குள்ள திரும்பிடுவேன். சூடு பண்ணி, உப்பு, வெங்காயத்தாள் போட்டுக்குங்க. அவ்வளவுதான் வேலை."

மன்ஹோ அதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார். தீர்றதுக்குள்ள. நிர்வாக மூளை. இரவுச் சாப்பாட்டின்போது அதையே மென்றுகொண்டிருந்தார் என்பது அவர் தாடை அசைந்த விதத்திலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை கடைசி வீட்டுக்காரர்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இன்ரே சீக்கிரமே திரும்பினாள். கதவைத் திறந்ததும் வாசலில் மலையேறும் ஷூக்கள். கறுப்பு, பழுப்பு, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து, செம்மண்ணோடு. அன்றைக்குக் காலையில்தான் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஹாலில் தாழ்வான மேஜையை விரித்துப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஏழு ஆண்கள், பளபளக்கிற மலையேற்றச் சட்டைகளில், முகமெல்லாம் வேர்த்துச் சிவந்து. நடுவில் கல்யாணப் பானை. அரிசிக் கள் பாட்டில்கள் பக்கத்தில் உருண்டு கிடந்தன. அதிலும் லேபிள் உரிக்கப்படவில்லை.

"வாங்க அண்ணி, வாங்க!" என்று எழுந்தார் கூ என்கிற பெரியவர். எழ முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்க சூப்பு இருக்கே, அமிர்தம்! மூணாவது கிண்ணம்!"

"நான் நாலு," என்றார் இன்னொருவர்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டாள் இன்ரே.

ஆறு பேரும் மன்ஹோவைப் பார்த்தார்கள். மன்ஹோ பானையைப் பார்த்தார். ஒருவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினார்.

கூ தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அண்ணி, மறைப்பானேன். என் வீட்ல பானை கொதிச்சப்ப நான் சும்மா இருந்துட்டேன். என்ன ஆச்சு? அவ தங்கச்சியோட சேந்துக்கிட்டு ஐரோப்பா போயிட்டா. மூணு வாரம்! பானைல இருந்தது ஒரு வாரத்துக்குத்தான். மிச்ச நாளைக்கு நான் என்னத்தைத் தின்னேன்னு கேளுங்க."

"பிஸ்கட்டு," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பிஸ்கட்டு! ஒரு ஆம்பளை! அதனாலதான் மேனேஜர் காலைல குழுவுல விஷயத்தைப் போட்டதும் எல்லாரும் மலைய இறங்கி நேரா இங்கயே வந்துட்டோம். நண்பன் கஷ்டத்துல இருக்கான்."

"வயித்தைக் காலியா வெச்சுட்டு வந்தோம் அண்ணி," என்றார் இன்னொருவர், ஏதோ போர்முனைக்குப் போனவர் மாதிரி. "அண்ணி, அந்த முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் இன்னும் கொஞ்சம்..."

மன்ஹோ எழுந்தார். இரண்டு கையாலும் பானையைப் பிடித்து அவள் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். அடியில் நாலு எலும்பு, வெள்ளையாக, மொட்டையாக. வாழ்க்கையில் எந்தக் கேடயத்தை வாங்கும்போதும் அவர் முகம் இவ்வளவு பிரகாசமாக இருந்ததில்லை.

"பாத்தியா? தீந்துடுச்சு," என்றார். "சூப் தீர்றதுக்குள்ள வந்துடுவேன்னுதானே சொன்ன? தீந்தே போச்சு. இப்ப எப்படிப் போவ?"

இன்ரே பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"முழுக்கவா?"

"ஒரு சொட்டு இல்ல!"

"ஃப்ரீசர்ல பையில கட்டி வெச்சேனே?"

"அதையும் உருக்கி ஊத்திட்டோம்," என்றார் கூ, தட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கிற குரலில். "மேனேஜர் சார் விடவே இல்ல. குடிங்கடா, குடிங்கடான்னு. எனக்கு வயிறு வெடிச்சுடும் போல இருக்கு."

அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். முதலில் கோபம்தான் வந்தது, அதில் சந்தேகம் இல்லை. ஒரு நாள் விடுமுறை முழுக்க அடுப்படியில் நின்ற கோபம். நெஞ்சு வரைக்கும் வந்தது. வந்த வேகத்திலேயே எங்கோ நழுவிப் போய்விட்டது. அந்த மொட்டை எலும்புகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தோள் லேசாகிக்கொண்டே போனது. நாலு நாள் சாப்பாடு என்று நினைத்து அவள் கொதிக்க வைத்தது உண்மையில் அவள் காலில் அவளே கட்டிக்கொண்ட கயிறு. வெள்ளிக்கிழமைதோறும் இழுத்துக்கொண்டு வரும் கயிறு. அதை இந்த ஏழு பேரும் வெங்காயத்தாள் தூவி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துத் தீர்த்துவிட்டார்கள். ஏப்பம் வேறு விடுகிறார்கள்.

இன்ரே சிரித்துவிட்டாள்.

சட்டென்று போனை எடுத்தாள். ஏழு பேருக்கும் முன்னால், நின்ற இடத்திலேயே.

"ஆமா மேடம், நான் இன்ரே பேசறேன். தொங்யோங் விஷயம். வரேன். திங்கக்கிழமையே வரேன். இல்ல இல்ல, வீட்ல ஒரு தடையும் இல்ல. இருந்த ஒண்ணையும் இப்பத்தான் எல்லாரும் சேந்து தீத்து வெச்சாங்க."

மேஜையில் ஸ்பூன் ஒன்று விழுந்தது.

"ஹேரிம் அம்மா!" என்றார் மன்ஹோ. பானை இன்னும் அவர் கையில் சாய்ந்தபடியே இருந்தது. "அப்ப சூப்பு?"

"அதான் தீந்துடுச்சே."

"இல்ல, மறுபடியும் வெப்பியே... போறதுக்கு முன்னாடி..."

"எதுக்கு? நீங்க காலி பண்ற வேகத்துக்கு நான் மாட்டுப் பண்ணைதான் வெக்கணும்."

கூ தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்துக்குள் எதையோ தேடினார். முள்ளங்கிக் கிம்ச்சி கேட்டவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நண்பனின் கஷ்டத்துக்காகப் பறந்து வந்தவர்கள் அதைவிட வேகமாக எழுந்தார்கள். ஒருவருக்கு முட்டி வலி ஞாபகம் வந்தது, ஒருவருக்கு வங்கியில் வேலை இருந்தது, ஒருவர் மனைவி கூப்பிட்டதாகச் சொன்னார், அவர் போன் அடிக்கவே இல்லை. மலை உச்சிக்கே ஏறுகிற மனுஷர்கள். ஆளுக்கொரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைத் தொட்டி வரைக்கும் நடக்க ஒருவருக்கும் கால் வரவில்லை.

அன்று மாலை பேச்சுவார்த்தை நடந்தது. மன்ஹோ பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். அரிசி எல்லா நாளும் தானே போடுவதாக எழுதினார். பாத்ரூமைத் தன் பிரிவுக்கு மாற்றினார். வாரத்தில் ஒரு நாள் வெளியே சாப்பிடலாம் என்று எழுதி, இரண்டு நாள் என்று திருத்தினார். இன்ரே ஜட்டி, சட்டை, ஃபில்டர் கழற்றும் ஸ்பேனர் எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாம் நான் இங்க இருந்தாத்தானா?"

"ஆமா. நீ இருந்தா."

"நான் இல்லாட்டி?"

"நீ இல்லாட்டி..." மன்ஹோ மார்க்கர் மூடியைக் கடித்தார். "அப்ப யாருக்காக நான் பாத்ரூம் கழுவணும்?"

உண்மையாகத்தான் கேட்டார், பாவம். அறுபது வருஷத்தில் அந்தச் சந்தேகம் அவருக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்தது.

கடைசியாக, "இந்தத் தள்ளாத வயசுல என்னைத் தனியா விட்டுட்டுப் போறியா?" என்றார். அன்றைக்குக் காலையில் மலையேறி இறங்கியவர். கம்பை ஊன்றாமல்.

"யோசுவுல ஆறு வருஷம் நீங்க தனியாத்தானே இருந்தீங்க?"

"அங்க கம்பெனி கேன்டீன் இருந்துச்சு!"

"அப்ப உங்களுக்கு வேண்டியது கேன்டீன். அது கீழ தெருமுனைலயே இருக்கு. நல்லாத்தான் போடறாங்க."

பானையை அவள் தொடவில்லை. இதை மட்டும் அவள் முடிவு செய்துகொண்டாள். ஏழு கிண்ணங்களையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை மன்ஹோ மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். சனிக்கிழமை கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்தார், அதுவே பெரிய முன்னேற்றம். பானையில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, எலும்புகள் பனியில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர் அதன்மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடினார். நிர்வாகம் ஒரு பிரச்சினையை இப்படித்தான் தீர்க்கும் போலிருக்கிறது. வீடு நாறியது. இன்ரேவின் கை அரித்தது, சத்தியமாக அரித்தது, கழுவிவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு பால்கனியில் போய் நின்றாள்.

திங்கட்கிழமை காலை கூட்டம் நடக்கவில்லை. அவள் கிளம்பும்போது அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கோல்ஃப்.

"போயிட்டு வரேன், ஹேரிம் அப்பா."

அவர் திரும்பவில்லை. "வெள்ளிக்கிழமைதானே?" என்றார்.

"பாக்கலாம்."

பஸ் ஊரைத் தாண்டி மலைச் சரிவில் இறங்கியது. கடல் முதலில் துண்டாகத் தெரிந்து, பிறகு முழுசாகத் தெரிந்தது. இன்ரே ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரி ஆரஞ்சு ஒன்றை உரித்துப் பாதியை நீட்டினாள், அதை வாங்கிச் சுளை சுளையாகத் தின்றாள். கிளைத் தலைவி. சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

போன் ஒலித்தது. மன்ஹோவிடமிருந்து ஒரு போட்டோ. செய்தித்தாள் விலக்கப்பட்ட கல்யாணப் பானை, தொட்டிக்குள் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே பச்சைத் தண்ணீர். கொழுப்பு அப்படியே பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் அவருடைய கட்டைவிரல், ஈரமாக, நுரையோடு. ஆமாம், நுரையோடு. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

"போகவே மாட்டேங்குது. இதை எப்படிக் கழுவறது?"

வெந்நீர். ஒரே ஒரு வார்த்தை. இன்ரேவின் விரல் தட்டுவதற்குத் தயாராக எழுத்துக்களின் மேல் போய் நின்றுவிட்டது. இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நாளைக்கு நூடுல்ஸ் எங்கே என்று வரும், நாளை மறுநாள் வெங்காயத்தாளை எந்தப் பக்கம் நறுக்குவது என்று வரும், தொங்யோங் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சாங்வன் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால்? மனுஷன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பானைக்குள் கையை விட்டிருக்கிறார், அந்தக் கை அப்படியே வெளியே வந்துவிடலாம். முப்பது வருஷமாக அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் தொங்யோங் போய்ச் சேர்ந்துவிடும். நீங்களே சொல்லுங்கள், அவள் அந்த "வெந்நீர்" என்பதை அனுப்பலாமா, இல்லை போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு மிச்ச ஆரஞ்சைத் தின்னலாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?